மீன் குடம்பிகளின் போசணையும் குடற் பற்றீரியாக்களும்: கடலிலும் வளர்ப்புத் தொட்டியிலும்

க.பொ.த. (சா/த) விஞ்ஞானம்
போசணை, நுண்ணங்கிகள், பரிசோதனைத் திட்டமிடல் ஆகிய பகுதிகளுக்கான துணைப்பாடம்



நீங்கள் ஒருபோதும் கண்டிராத ஓர் அங்கியைப் பற்றிய பந்தியொன்றைத் தந்து, அதன் கீழ் நான்கைந்து வினாக்களைக் கேட்பது பரீட்சைகளில் வழக்கம். பெயரைக் கண்டதும் "இது பாடநூலில் இல்லையே" என்று பேனாவைக் கீழே வைத்துவிடக் கூடாது. பெயர்தான் புதிது. உள்ளே கேட்கப்படுவது நீங்கள் படித்த புரதமும் கொழுப்பும் அயடீனும் பற்றீரியாவும் மாறிகளுமே ஆகும். அத்தகைய ஒரு விடயத்தை இங்கு விரிவாகப் பார்ப்போம். நாம் எடுத்துக்கொள்ளும் மீன் நமது கடலுக்குரியதன்று. வட அத்திலாந்திக்கில் வாழும் கொட் மீன் அது. குடம்பிப் பருவத்தில் அதிகம் ஆராயப்பட்ட கடல்மீன்களுள் ஒன்று என்பதாலேயே அதைத் தெரிவுசெய்தோம்.

கொட் மீனின் முதல் வாரம்

நோர்வே நாட்டின் வடமேற்குக் கரையில் லொபோட்டன் தீவுகள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் மாரிகாலத்தின் இறுதியில் பேரன்ட்ஸ் கடலிலிருந்து கொட் மீன்கள் கூட்டங் கூட்டமாக இங்கு வந்து முட்டையிடுகின்றன. ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் சில மில்லியன் முட்டைகளை இடக்கூடியது. அவ்வளவும் பெரிய மீன்களாகினால் கடலில் கொட் மீனைத் தவிர வேறொன்றுக்கும் இடமிராது. குடித்தொகை மாறாமல் இருக்கவேண்டுமாயின், ஒரு பெண் மீன் தன் வாழ்நாளில் இடும் எல்லா முட்டைகளிலிருந்தும் சராசரியாக இரண்டு மாத்திரமே நிறைவுடலியாகத் தப்பிப் பிழைக்கும். மற்றவை எல்லாம் இறக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை இறப்பது முட்டை, குடம்பிப் பருவங்களிலேயே ஆகும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பியின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர். உடல் கண்ணாடி போல ஊடுகாட்டும் தன்மையுடையது. வயிற்றுப் பக்கத்தில் மஞ்சட்கருப் பை தொங்கிக்கொண்டிருக்கும். சில நாட்களுக்கு இதுவே அதன் உணவு. இந்தச் சேமிப்பு ஒரு வாரமளவில் தீர்ந்துவிடும். அதற்குள் வாய் திறந்து, கண் தெளிந்து, இரையைத் துரத்திப் பிடிக்கப் பழகாவிட்டால் குடம்பி பட்டினியால் இறக்கும்.

இங்கு முக்கியமான ஒரு விடயத்தை அவதானியுங்கள். இக்குடம்பிக்குத் தொழிற்படும் இரைப்பை கிடையாது. உணவுக்கால்வாய் ஏறக்குறைய ஒரு நேரான குழாய் போன்றதே. இரைப்பை முழுமையாகத் தொழிற்படத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 50 நாட்கள் செல்லும். மனிதனின் இரைப்பையில் ஐதரோக்குளோரிக் அமிலம் சுரக்கப்படுவதையும், அது உணவுடன் வரும் பற்றீரியாக்களுட் பலவற்றைக் கொல்வதையும் நீங்கள் படித்திருக்கிறீர்கள். கொட் குடம்பிக்கு அந்த அமில வாயிற்காவல் இல்லை. ஆகவே இரைப்பை இன்மை இரு வகையில் அதைப் பாதிக்கின்றது. எளிதில் சமிபாடடையக்கூடிய உணவே அதற்குப் பொருந்தும் என்பது ஒன்று. விழுங்கும் பற்றீரியாக்கள் உயிருடன் குடலைச் சென்றடையும் என்பது மற்றொன்று. இப்பாடத்தின் இரு பாதிகளும் இந்த ஒரே உண்மையிலிருந்துதான் கிளைக்கின்றன.

இனி, இயற்கைக் கடலில் வளர்வதைக் கடற் குடம்பி என்றும், மனிதன் தொட்டியில் வளர்ப்பதை வளர்ப்புக் குடம்பி என்றும் குறிப்பிடுவோம்.

கடற் குடம்பியின் உணவு

லொபோட்டன் கடலில் வசந்தகாலத்தில் சூரிய ஒளி கூடும்போது தாவரப் பிளாந்தன்கள் பெருகுகின்றன. அவற்றைக் கொப்பிபோட்டு எனப்படும் விலங்குப் பிளாந்தன்கள் உண்கின்றன. கொப்பிபோட்டு என்பது இறாலுக்கும் நண்டுக்கும் உறவான மிகச் சிறிய ஆத்திரப்போடாவாகும். அப்பகுதியில் அதிகம் காணப்படும் இனம் கலானஸ் பின்மார்க்கிக்கஸ் ஆகும். அது இடும் முட்டைகளிலிருந்து வரும் நுண்ணிய குஞ்சுகளே கொட் குடம்பியின் முதல் இரை. உணவுச் சங்கிலியாக எழுதினால்:

தாவரப் பிளாந்தன் → கொப்பிபோட்டு → கொட் குடம்பி

இந்தச் சங்கிலியில் சக்தி மட்டும் கடத்தப்படுவதில்லை. டி.எச்.ஏ. எனப்படும் ஒமேகா-3 கொழுப்பமிலத்தைப் பெருமளவில் தொகுப்பவை கடலின் நுண்ணிய அல்காக்களும் அவற்றைப் போன்ற நுண்ணங்கிகளுமே. கொப்பிபோட்டு அதைத் தன் உடலில் சேர்க்கின்றது, குடம்பி கொப்பிபோட்டிலிருந்து பெறுகின்றது. மூளை, விழித்திரை ஆகியவற்றின் கலமென்சவ்வுகளை ஆக்க டி.எச்.ஏ. அவசியம். இரையைக் கண்ணால் கண்டு பிடிக்கும் ஒரு குடம்பிக்கு விழித்திரை குறைபட்டால் என்ன நேரும் என்று சொல்லவேண்டியதில்லை. கடல்மீன் குடம்பிகளால் வேறு கொழுப்பமிலங்களிலிருந்து இதைப் போதியளவு தொகுக்க இயலாது. எனவே இது அவற்றுக்கு உணவிலிருந்தே கிடைக்கவேண்டிய அத்தியாவசியப் போசணைப் பொருளாகும்.

கொப்பிபோட்டின் சிறப்பு இத்துடன் முடியவில்லை. அதிலுள்ள டி.எச்.ஏ.யின் பெரும்பகுதி பொசுபோலிப்பிட்டு வடிவில் இருக்கின்றது. குடம்பியின் எளிய குடல் இந்த வடிவத்தை இலகுவாக அகத்துறிஞ்சும். புரதமாகக் கட்டப்படாத சுயாதீன அமினோவமிலங்களும் கொப்பிபோட்டில் நிறைய உண்டு. இவற்றைச் சமிபாடடையச் செய்யவே தேவையில்லை. அயடீன், செலனியம், நாகம், மங்கனீசு ஆகிய கனியுப்பு மூலகங்களும் போதியளவு உள்ளன. இரைப்பை இல்லாத ஓர் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான உணவை எண்ணிப் பார்ப்பது கடினம்.

வளர்ப்புக் குடம்பியின் உணவு

நோர்வேயில் கொட் குஞ்சு பொரிக்கும் முயற்சி 1880களிலேயே பிளொடெவிகன் என்னுமிடத்தில் தொடங்கியது. முட்டைகளைப் பொரிக்க வைப்பது கடினமாக இருக்கவில்லை. பொரித்த குடம்பிகளுக்குப் பெருந்தொகையில் உணவூட்டுவதுதான் கடினம். ஆகவே மஞ்சட்கரு தீருமுன் அவற்றைக் கடலில் விட்டனர். இப்படி விடுவது 1971 வரை தொடர்ந்தது. அவ்வளவு காலமும் விட்ட குடம்பிகளால் கடலில் மீன்வளம் கூடியது என்று உறுதியாக நிறுவ எவராலும் முடியவில்லை.

தொட்டியில் வளர்ப்பதை இயலச் செய்தவை இரண்டு சிறு விலங்குகள். ஒன்று ஆட்டீமியா எனும் உப்புநீர் இறால். இதன் உறங்குநிலை முட்டைகளை உலர்த்தித் தகரப் பேணிகளில் அடைத்து வைக்கலாம், வேண்டியபோது உப்புநீரில் இட்டால் ஒரு நாளளவில் பொரிக்கும். 1930களில் இது மீன் குடம்பிகளின் உணவாகப் பயன்படுத்தப்பட்டது. நம் நாட்டு இறால் குஞ்சு பொரிப்பகங்களிலும் இதுவே பயன்படுகின்றது. புத்தளம் உப்பளங்களில் இது இயற்கையாகவும் காணப்படுகின்றது. மற்றையது ரொட்டிபர். இது 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர் வரையான அளவுடையது. யப்பானியர் இதனை 1960களில் மீன் குடம்பிகளுக்கு உணவாக்கினர். கலவியின்றியே இனம்பெருகுவதால் ஓரிரு நாட்களில் தொகை இரட்டிப்பாகும். ஒரு மில்லிலீற்றர் நீரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ரொட்டிபர்களை நெருக்கமாக வளர்க்கலாம்.

ஆயின் கேள்வி ஒன்று எழுகின்றது. கொப்பிபோட்டு அவ்வளவு நல்ல உணவாயின், அதையே வளர்த்து ஊட்டினால் என்ன? பதில் உயிரியலைவிடச் செலவைச் சார்ந்தது. கொப்பிபோட்டு மெதுவாகப் பெருகும், நெருக்கத்தைத் தாங்காது, உயிருள்ள அல்காவையே உண்ணும். அண்மைக்காலத்தில் ஆக்காட்டியா என்னும் கொப்பிபோட்டின் முட்டைகளைக் குளிரில் சேமித்து வைத்துப் பொரிக்கும் முறை வந்துள்ளது. எனினும் ரொட்டிபர்தான் மலிவானது. வளர்ப்போர் சிறந்த உணவை விட்டு, கைக்கெட்டிய உணவைத் தெரிவுசெய்ததன் விளைவுகளையே கீழே காணப்போகிறீர்கள்.

ஈஸ்ற்றை உண்டு வளர்ந்த ரொட்டிபரில் டி.எச்.ஏ. மிகமிகக் குறைவு. எனவே குடம்பிக்குக் கொடுக்குமுன் மீனெண்ணெய்க் குழம்பில் அல்லது அல்காவில் சில மணி நேரம் ரொட்டிபரை வைத்திருப்பர். அது எண்ணெயை உண்டு வயிற்றை நிரப்பிக்கொள்ளும். இது செறிவூட்டல் எனப்படும். உணவு உண்ணும் விலங்குக்குள் போசணையை நிரப்பி, அந்த விலங்கையே உணவாகக் கொடுக்கும் தந்திரம் இது. ஆனால் செறிவூட்டிய எண்ணெயின் பெரும்பகுதி சாதாரண கொழுப்பு வடிவிலேயே இருக்கும், பொசுபோலிப்பிட்டாக இராது. ஆட்டீமியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. ஊட்டிய டி.எச்.ஏ.யை அது தன் உடலுக்குள்ளேயே வேறு கொழுப்பமிலமாக மாற்றிவிடும். கனியுப்புகளைப் பொறுத்தவரை, அயடீனும் செலனியமும் ரொட்டிபரில் கொப்பிபோட்டிலும் பார்க்கப் பல மடங்கு குறைவாகும்.

| ஒப்பிடும் அம்சம் | கொப்பிபோட்டு (கடல்) | ரொட்டிபர் (தொட்டி) |
|---|---|---|
| டி.எச்.ஏ. | இயற்கையாகவே அதிகம் | செறிவூட்டினால் மட்டும் |
| கொழுப்பின் வடிவம் | பெரும்பாலும் பொசுபோலிப்பிட்டு | பெரும்பாலும் சாதாரண கொழுப்பு |
| சுயாதீன அமினோவமிலம் | அதிகம் | குறைவு |
| அயடீன், செலனியம் | போதியளவு | மிகக் குறைவு |
| பெருக்கும் எளிமை | கடினம் | எளிது |

அயடீன் குறைந்தால் என்ன என்று கேட்பவர்கள் வீட்டிலுள்ள உப்புப் பைக்கற்றை எடுத்துப் பாருங்கள். அயடீன் சேர்க்கப்பட்டது என்று அச்சிட்டிருக்கும். தைரொயிட்டுச் சுரப்பி தைரொட்சினை ஆக்க அயடீன் தேவை. மீன்களிலும் அவ்வாறே. மீன் குடம்பி உருமாற்றமடைந்து சிறு மீனாவதைத் தூண்டும் ஓமோன்கள் இச்சுரப்பியிலிருந்தே வருகின்றன. ஹலிபட் எனும் தட்டை மீனில் இவ்வுருமாற்றம் வியப்பானது. பிறக்கும்போது தலையின் இரு பக்கமும் ஒவ்வொரு கண் இருக்கும். உருமாற்றத்தின்போது இடக் கண் தலையின் மேலாக நகர்ந்து வலப் பக்கத்துக்கு வந்துவிடும். அதன்பின் மீன் ஒரு பக்கமாகச் சரிந்து, கடலடியில் தட்டையாகக் கிடந்து வாழும். கொப்பிபோட்டு உண்டு வளர்ந்த ஹலிபட்டில் கண் ஒழுங்காக நகர்ந்தது, மேற்பக்கத்து நிறமும் சரியாக அமைந்தது. ஆட்டீமியா மட்டும் உண்டவற்றுட் பலவற்றில் கண் பாதி வழியில் நின்றது, தோலில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. இதற்கு அயடீன் மட்டுமே காரணம் என எழுதிவிடாதீர்கள். கொழுப்பமிலங்களின் பங்கும் உண்டு.

கொட் மீனிலும் இதே போக்குத்தான். வாழ்வின் முதற் சில வாரங்கள் இயற்கை விலங்குப் பிளாந்தனை உண்ட குடம்பிகள், ரொட்டிபர் உண்டவற்றைவிட விரைவாக வளர்ந்தன. முள்ளந்தண்டு முதலிய உடலுறுப்புகளின் குறைபாடுகளும் அவற்றில் குறைவு. பின்னர் இரு குழுக்களுக்கும் ஒரே உணவைக் கொடுத்தபோதும் இவ்வேறுபாடு முற்றாக மறையவில்லை என்பதை 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆரம்பத்தில் இழந்ததைப் பிறகு ஈடுசெய்வது எளிதன்று.

குடலுக்குள் பற்றீரியா எப்படி வருகின்றது?

முட்டைக்குள் இருக்கும் வரை குடம்பியின் குடல் பற்றீரியா அற்றது எனக் கொள்ளலாம். பொரித்ததும் அது கடல்நீரைக் குடிக்கத் தொடங்குகின்றது. ஏன்? கடல்நீரின் உப்புச் செறிவு உடற்பாய்பொருளின் செறிவிலும் கூடியது. எனவே பிரசாரணத்தால் உடலிலிருந்து நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுசெய்யவே கடல்மீன்கள் நீர் அருந்துகின்றன. கரையோரக் கடல்நீரில் ஒரு மில்லிலீற்றரில் ஏறத்தாழ 10 இலட்சம் பற்றீரியாக்கள் இருக்கும். ஆகவே முதல் இரையை விழுங்குமுன்பே குடலில் பற்றீரியாக்கள் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. உணவுடன் இன்னும் பல வந்து சேரும்.

கடல்நீரில் வாழும் பற்றீரியாக்களுட் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. குறைந்த உணவுக்காகத் தமக்குள் போட்டியிட்டு வாழப் பழகியவை. ஒன்று மாத்திரம் திடீரெனப் பெருகி மற்றவற்றை அமுக்க அங்கு வாய்ப்புக் குறைவு. வளர்ப்புத் தொட்டியில் நிலைமை வேறு. எஞ்சிய உணவு, மலம், இறந்த ரொட்டிபர், இறந்த குடம்பி என்று சேதனப் பொருள் குவிகின்றது. நெருக்கமாக வளர்த்த ரொட்டிபர் நீரில் பற்றீரியாக்கள் கடல்நீரைவிடப் பன்மடங்கு அதிகம். இந்த விருந்தில் முந்திக்கொள்பவை விப்ரியோ போன்ற வேகமாகப் பெருகும் இனங்கள். விப்ரியோ எல்லாமே நோயாக்கிகள் அல்ல. ஆயினும் விப்ரியோ அங்குவிலாரம் போன்ற சில இனங்கள் கொட் மீனுக்குக் கொடிய நோயை உண்டாக்கும்.

அப்படியாயின் நீரைத் தொற்றுநீக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் செய்தனர், புறவூதாக் கதிரினாலும் ஓசோனினாலும். இதன் விளைவைச் சற்று ஆறுதலாகச் சிந்தியுங்கள். தொற்றுநீக்கம் பற்றீரியாவைக் கொல்லும், ஆனால் நீரிலுள்ள சேதன உணவை அகற்றாது. குடம்பியும் ரொட்டிபரும் தொட்டிக்குள் வந்ததும் உணவு மேலும் கூடும். போட்டியாளர்கள் இல்லாத அந்த வெற்றிடத்தை முதலில் நிரப்புவது யார்? வேகமாகப் பெருகுவதே. களை பிடுங்கிய வெறுந்தரையில் முதலில் முளைப்பது மீண்டும் களைதான் என்பது தோட்டம் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நோர்வேயின் துரொண்ட்ஹைம் நகர ஆய்வாளர்கள் 1990களில் இதற்கு எதிர்மாறான வழியை முன்வைத்தனர். வடித்த கடல்நீரைத் தொட்டிக்கு அனுப்புமுன், பற்றீரியாப் படலம் படிந்த பெருமளவு வடிபொருளினூடாக மெதுவாகச் செலுத்தினர். அங்குள்ள நிதானமாக வளரும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள உணவை உண்டு தீர்த்து, தாமும் நீருடன் தொட்டிக்குச் செல்கின்றன. வேகமாகப் பெருகும் இனங்களுக்கு மிச்சமில்லை. இது நீரை முதிர்வித்தல் எனப்படும். முதிர்வித்த நீரில் ஹலிபட் குடம்பிகளும், பின்னைய ஆய்வுகளில் கொட் குடம்பிகளும் அதிக எண்ணிக்கையில் பிழைத்தன. இங்கு பற்றீரியாக்களின் மொத்த எண்ணிக்கை குறைக்கப்படவில்லை, அவற்றின் வகைதான் மாற்றப்பட்டது. "பற்றீரியா குறைந்ததால் குடம்பி பிழைத்தது" என்று எழுதினால் புள்ளி கிடையாது.

அன்ரிபயோட்டிக் மருந்து கொடுத்தால் என்ன? அதுவும் தொற்றுநீக்கத்தைப் போன்றதே. பயனுள்ளவற்றையும் சேர்த்துக் கொல்லும், எதிர்ப்புத்தன்மையுடைய பற்றீரியாக்கள் தெரிவாக வழிசெய்யும். தடுப்பூசி? குடம்பிப் பருவத்தில் அதுவும் பயன்தராது. கொட் குடம்பி பொரித்துச் சில மாதங்கள் செல்லும் வரை பிறபொருளெதிரிகளைப் போதியளவு ஆக்குவதில்லை. கொட் மீனின் பரம்பரையலகுத் தொகுதி 2011இல் வெளியிடப்பட்டபோது இன்னொரு வியப்புக் காத்திருந்தது. ஏனைய முள்ளந்தண்டுளிகளில் பற்றீரியாக்களை அடையாளங்காண உதவும் முக்கியமான பரம்பரையலகுக் கூட்டமொன்று இம்மீனில் இல்லை. (இது சாதாரண தரத்துக்கு வேண்டியதில்லை, உயர்தரத்தில் உயிரியல் கற்க விரும்புவோர் நினைவில் வைத்திருங்கள்.)

பற்றீரியாவும் போசணையும் சந்திக்கும் இடம்

குடற் பற்றீரியா நோயைத் தருவதுடன் நின்றுவிடுவதில்லை. மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கும் சீப்ரா மீனை முற்றாகப் பற்றீரியா இன்றி வளர்க்கலாம். 2004இல் வெளியான ஆய்வொன்றில், அவ்வாறு வளர்த்த குடம்பிகளின் குடலில் கலங்கள் புதுப்பிக்கப்படும் வேகம் குறைவாக இருந்தது. போசணை அனுசேபத்துடனும் நிர்ப்பீடனத்துடனும் தொடர்புடைய பல பரம்பரையலகுகளின் தொழிற்பாடும் வேறுபட்டது. 2012இல் வெளியான வேறோர் ஆய்வு, பற்றீரியா உள்ள சீப்ரா மீன் குடம்பியின் குடற்கலங்கள் அதிக கொழுப்பை அகத்துறிஞ்சுவதைக் காட்டியது. அதாவது ஒரே உணவை உண்ட இரு குடம்பிகள், குடலில் உள்ள பற்றீரியாவைப் பொறுத்து வெவ்வேறு அளவு போசணையைப் பெறலாம்.

ஒப்பிடும்போது விழும் பொறிகள்

இனி இப்பாடத்தின் மிகப் பயனுள்ள பகுதிக்கு வருகிறோம். ஒரு மாணவன் இப்படி ஒரு திட்டத்தை எழுதுகிறான் என்க: "கடலிலிருந்து 50 கொட் குடம்பிகளைப் பிடிக்கவும். பொரிப்பகத்திலிருந்து 50 குடம்பிகளை எடுக்கவும். இரண்டினதும் நீளத்தையும் குடற் பற்றீரியாவையும் ஒப்பிடவும். வேறுபாடு இருப்பின் அதற்குக் காரணம் உணவாகும்." வாசிக்க நன்றாகவே இருக்கின்றது. முடிவு மட்டும் பிழை.

முதலாவது, கடலும் தொட்டியும் உணவில் மட்டும் வேறுபடவில்லை. நீர், வெப்பநிலை, ஒளி, நெருக்கம் எல்லாமே வேறு. பல மாறிகள் ஒன்றாக மாறும்போது விளைவை ஒன்றின் தலையில் சுமத்த முடியாது. உணவும் பற்றீரியாவும் சேர்ந்தே வாய்க்குள் போகின்றன என்பதால் இங்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்னும் கடினம்.

இரண்டாவது பொறி நுட்பமானது. கடலில் நலிந்த குடம்பி நெடுநேரம் மிதந்துகொண்டிராது, வேறொன்றுக்கு இரையாகிவிடும். ஆகவே வலையில் சிக்கும் கடற் குடம்பிகள் பெரும்பாலும் பிழைத்துவந்த வலியவை. தொட்டியிலோ இரைகௌவிகள் இல்லை, நலிந்தவையும் எஞ்சியிருக்கும். வலியவற்றையும் எல்லாவற்றையும் ஒப்பிட்டுவிட்டு, கடல் உணவே வலிமையைத் தந்தது என்பது நீதியான ஒப்பீடாகாது.

மூன்றாவது வயது. கடற் குடம்பிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஆனால் அதன் உட்செவியிலுள்ள செவிக்கல்லில் நாளுக்கு ஒன்றாக வளையங்கள் படிகின்றன. அவற்றை நுணுக்குக்காட்டியில் எண்ணி வயதைக் கணிப்பர். வயது தெரிந்தும் போதாது. குளிர்ந்த கடலில் 20 நாள் வளர்ந்ததும், அதைவிட வெப்பமான தொட்டிநீரில் 20 நாள் வளர்ந்ததும் வளர்ச்சியில் ஒரே படியில் இரா.

அப்படியென்றால் நீதியான ஒப்பீடு எவ்வாறு இருக்கும்? 2013இல் துரொண்ட்ஹைம் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். கொட் குடம்பிகளை ஒரே நிலைமைகளில் வளர்த்து, உயிருணவை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றினர். உணவுடன் பற்றீரியாவும் போவதால், உணவு மாறினால் குடற் பற்றீரியாவும் மாறும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது வேறு. வெவ்வேறு உணவை உண்ட குடம்பிகளின் பற்றீரியாக் கூட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அவை உணவிலிருந்த பற்றீரியாவைவிட நீரிலிருந்த பற்றீரியாவையே அதிகம் ஒத்தன, வயது கூடக் கூட மாறின. ஆகவே வளர்ச்சி வேறுபாட்டுக்கு உணவு பெரிய காரணமாகலாம், பற்றீரியா வேறுபாட்டுக்கு நீரும் வயதும் பெரிய காரணங்களாகலாம். ஒரே மீனில் இரு வேறுபாடுகளைக் கண்டதும் அவற்றுக்கு ஒரே காரணத்தைத் தேடுவது நமது பழக்கம். இங்கு அப்பழக்கம் பொய்த்தது.

வேறொரு வழியும் உண்டு. கடலில் பிடித்த கொட் மீன்களைச் சில வாரங்கள் தொட்டியில் வளர்த்து, முன்னும் பின்னும் குடற் பற்றீரியாவை ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. தொட்டி வாழ்வின் பின் பற்றீரியா இனங்களின் பல்வகைமை குறைந்திருந்தது. மீன்கள் மாறவில்லை, வாழிடமே மாறியது என்பதால் இரண்டாவது பொறி இங்கு இல்லை. ஆனால் உணவும் நீரும் சேர்ந்தே மாறியதால் முதலாவது பொறி அப்படியே உள்ளது. அவை குடம்பிகளும் அல்ல.

நோர்வேயில் வளர்ப்புக் கொட் உற்பத்தி 2010அளவில் ஆண்டுக்கு 20,000 தொன்னைத் தாண்டி, பின்னர் சில ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாமற் போனது. சந்தையில் கடற் கொட்டின் விலை வீழ்ச்சி, நோய், மீன்கள் காலத்துக்கு முன் முதிர்ச்சியடைதல், நலிந்த குஞ்சுகள் எனக் காரணங்கள் பல. 2020அளவில் சில நிறுவனங்கள் மீண்டும் தொடங்கின. பண்ணையொன்று நிலைப்பதும் வீழ்வதும் 4 மில்லிமீற்றர் குடம்பியின் முதல் இரையிலும் தங்கியிருக்கின்றது என்பதால்தான் இத்தனை ஆய்வும்.

பயிற்சி வினா

(கீழுள்ள எண்கள் பயிற்சிக்காக ஆக்கப்பட்டவை.)

நான்கு தொட்டிகளில் ஒவ்வொன்றிலும் 1000 கொட் குடம்பிகள் இடப்பட்டு, ஒரே வெப்பநிலையில் 30 நாட்கள் வளர்க்கப்பட்டன.

| தொட்டி | உணவு | நீர் | எஞ்சியவை | சராசரி நீளம் (மில்லிமீற்றர்) |
|---|---|---|---|---|
| அ | ரொட்டிபர் | தொற்றுநீக்கியது | 120 | 7.0 |
| ஆ | கொப்பிபோட்டு | தொற்றுநீக்கியது | 150 | 9.1 |
| இ | ரொட்டிபர் | முதிர்வித்தது | 310 | 7.2 |
| ஈ | கொப்பிபோட்டு | முதிர்வித்தது | 380 | 9.4 |

1. தொட்டி ஈ இல் பிழைத்தவற்றின் சதவீதம் யாது?
2. உணவின் விளைவை மட்டும் அறிய எந்தத் தொட்டிச் சோடிகளை ஒப்பிடுவீர்?
3. அ, ஈ ஆகிய இரண்டையும் மட்டும் ஒப்பிட்டு உணவைப் பற்றி முடிவு கூறலாமா? காரணம் தருக.
4. நீளத்தையும் பிழைத்தலையும் கூடுதலாகப் பாதித்த காரணிகளைத் தனித்தனியே கூறுக.
5. இப்பரிசோதனையின் நம்பகத்தன்மையைக் கூட்ட ஒரு வழி தருக.

விடைக் குறிப்புகள்

1. 380/1000 × 100 = 38%.

2. அ உம் ஆ உம், இ உம் ஈ உம். ஒவ்வொரு சோடியிலும் நீர் ஒரே வகையானது. ஒரு சோடியை மட்டும் எழுதியவருக்கு அரைப் புள்ளியே.

3. கூற முடியாது. உணவும் நீரும் இரண்டுமே வேறுபடுகின்றன. "கூற முடியாது" என்று மட்டும் எழுதிவிட்டுக் காரணத்தை விடுவோர் பலர். புள்ளி காரணத்துக்கே.

4. நீளத்தைக் கூடுதலாகப் பாதித்தது உணவு: உணவு மாறும்போது 2 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபாடு, நீர் மாறும்போது 0.3 மில்லிமீற்றருக்கு மேற்படவில்லை. பிழைத்தலைக் கூடுதலாகப் பாதித்தது நீர்: ரொட்டிபர் தொட்டிகளில் 120 இலிருந்து 310 ஆகவும், கொப்பிபோட்டுத் தொட்டிகளில் 150 இலிருந்து 380 ஆகவும் உயர்ந்தது. எண்களைக் காட்டி எழுதுக.

5. ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு தொட்டி போதாது, குறைந்தது மூன்று தொட்டிகள் வைத்துச் சராசரி காணவேண்டும். ஒரு தொட்டியில் தற்செயலாக நோய் பரவினால், அதில் இறந்த குடம்பிகள் யாவும் நாம் ஆராயும் காரணியின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். "தொட்டியில் கூடுதலான குடம்பிகளை இடல்" என்ற விடை ஏற்கப்படாது: ஒரே தொட்டியில் 1000 இருந்தாலும் 5000 இருந்தாலும் அவை எல்லாம் குடிப்பது ஒரே நீரையே.